80 மி.மீ. நீளக்குழாய் டெலஸ்கோப்: தெருவிளக்கு உள்ள ஊரில் இரட்டை நட்சத்திரம் பார்க்க

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் குடியிருந்து, மொட்டை மாடியை விட்டால் வேறு இடம் இல்லாமல், இருபதாயிரம் ரூபாய் சுற்றில் ஒரு டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் இந்த 80 மி.மீ. ரிஃப்ராக்டரை, அதாவது லென்ஸ் டெலஸ்கோப்பை, தயங்காமல் வாங்கலாம். ஆனால் கேலக்ஸி, நெபுலா என்ற ஆசையில் வாங்க வேண்டாம். இரட்டை நட்சத்திரங்களுக்காக, அதாவது ஒன்றாகத் தெரிந்து டெலஸ்கோப்பில் இரண்டாகப் பிரியும் ஜோடிகளுக்காக வாங்குங்கள். அந்த வேலைக்கு இந்த விலையில் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

லென்ஸ் விட்டம் 80 மி.மீ., குவியத் தூரம் 900 மி.மீ. ஒரே மாதிரியான குழாய் பல கம்பெனிப் பெயர்களில், பல நிறங்களில் விற்கிறது. அதனால் கம்பெனி பெயர் சொல்லவில்லை. பெட்டியில் 80/900 என்று போட்டிருந்தால் நான் பேசுவது அதைப் பற்றித்தான்.

நான் காரைக்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் லென்ஸோடுதான் பிழைப்பு. ஒரு லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து அதன் குணத்தைச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் இந்தக் குழாயையும் பார்த்தேன். மதுரையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக, ஸ்டாண்டோடு ரூ. 14,000-க்கு வாங்கினேன். இப்போது புதிதாக வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள்.

ஏன் இரட்டை நட்சத்திரம்? எங்கள் தெரு முனையில் எல்.இ.டி. விளக்கு விடிய விடிய எரிகிறது. கேலக்ஸியின் ஒளி வானத்தில் பரந்து கிடப்பது. பின்னணி வெளுத்தால் அதுவும் கரைந்துபோகும். நட்சத்திரம் ஒரு புள்ளி. டெலஸ்கோப்பில் எவ்வளவு பெருக்கினாலும் அது ஏறக்குறைய புள்ளியாகவே நிற்கும். பின்னணி மட்டும் கறுத்துக்கொண்டே போகும். அதனால் தெருவிளக்கும் பௌர்ணமியும் இங்கே பெரிய எதிரி இல்லை. ஊர்வானத்துக்கு என்றே அமைந்த காட்சி இது. வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருக்கின்றன. சின்னக் குழாய்க்கு எட்டுவது அதில் கொஞ்சம்தான் என்றாலும், அந்தக் கொஞ்சமே ஓர் ஆளுக்கு ஆயுள் முழுக்கப் போதும்.

ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட். இனி செகண்ட் என்று மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்துப் பாதிரியார் டாஸ் 19-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதிப்படி, 116-ஐ லென்ஸின் மி.மீ. விட்டத்தால் வகுத்தால், சம ஒளியுள்ள இரண்டு நட்சத்திரங்கள் எவ்வளவு நெருக்கம் வரை பிரித்துக் காணலாம் என்பது செகண்டில் கிடைக்கும். 80-க்கு அது 1.45. ஒளி சமமாக இல்லாவிட்டால், காற்று அடங்காவிட்டால் இந்தக் கணக்கு பலிக்காது. என் மாடியில் நான் நம்பிப் போவது 2 செகண்டுக்கு மேற்பட்ட ஜோடிகளைத்தான்.

லென்ஸுக்கு வருவோம். கிரௌன் கண்ணாடி ஒன்று, ஃபிளிண்ட் கண்ணாடி ஒன்று, நடுவே மெல்லிய காற்று இடைவெளி. நிறக் கசிவைக் குறைக்கும் பழைய ஆக்ரோமேட் அமைப்புதான். இப்படிப்பட்ட லென்ஸில் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா நிறம் கசியும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். குட்டைக் குழாயில் அது உண்மை. இங்கே குவியத் தூரம் விட்டத்தைப்போல 11 மடங்குக்கு மேல் இருப்பதால் ரீகல், வேகா போன்றவற்றில் மட்டும் லேசான ஊதா தெரிகிறது. அவற்றைவிட மங்கலான மூன்றாம் ஒளித்தர நட்சத்திரத்தில் தேடினாலும் காணோம். குழாய் நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த நீளத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நட்சத்திரச் சோதனை செய்து பார்த்தேன். ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் நகர்த்தினால் வளையங்கள் விரியும். இரண்டு பக்கமும் ஒரே மையத்தைச் சுற்றி வட்டமாக வந்தால் லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எனக்கு வந்த குழாயில் வளையங்கள் வட்டம்தான்; ஒரு பக்கம் சற்றே மங்கல். இந்த விலைக்கு அது நல்ல லென்ஸ்.

வளையம் நீள்வட்டமாகத் தெரிந்தால் உடனே டெலஸ்கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஐபீஸில் கண்ணை வைத்தபடியே தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீளமும் கூடவே சாய்ந்தால் கோளாறு உங்கள் கண்ணில். அதைத்தான் நாங்கள் கடையில் சிலிண்டர் பவர் என்கிறோம். கண்ணாடி போடுபவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெறும் தூரப்பார்வை, கிட்டப்பார்வைக் குறை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்தாலே போதும். சிலிண்டர் உள்ளவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி: 90 மடங்கில் ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை ஒரு மி.மீ. அகலம்கூட இராது. கருவிழியின் நட்டநடுப் பகுதி மட்டும் வேலை செய்வதால் சிலிண்டர் தொந்தரவு பெரும்பாலும் மறைந்துபோகும். ஆகவே இரட்டை நட்சத்திரம் பார்க்கக் கண்ணாடி கழற்றலாம்.

இனி வானம். நம் பஞ்சாங்கத்து நட்சத்திரங்களில் பல இரட்டைகள் என்பது இந்தக் குழாய் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அசுவினியில் சேரும் மெசார்த்திம் இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள், இடைவெளி ஏழு செகண்டுக்குச் சற்று அதிகம், ஒளியும் அநேகமாகச் சமம்; ஒரே தட்டானிடம் வாங்கிய இரண்டு மூக்குத்திக் கல் மாதிரி. ராபர்ட் ஹூக் 1664-இல் ஒரு வால்மீனைத் தொடர்ந்து போனபோது தற்செயலாக அகப்பட்டது இது. புனர்பூசத்தின் காஸ்டரை 90 மடங்கில் வைத்தால் ஐந்து செகண்டுச் சொச்ச இடைவெளியில் இரண்டாகப் பிரிகிறது. வில்லியம் ஹெர்ஷல் 1803-இல், இரட்டைகளில் சில உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று காட்டியதில் காஸ்டருக்கு முக்கிய இடம் உண்டு. சுற்றி முடிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேல். அந்த இரண்டும், பக்கத்திலுள்ள மங்கலான மூன்றாவதும் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு என்பதால் மொத்தம் ஆறு நட்சத்திரங்கள்.

அனுஷத்தில் பீட்டா ஸ்கார்ப்பி சுலபம். 36 மடங்கிலேயே பிரியும். விசாகத்தின் ஆல்ஃபா லிப்ரே இன்னும் சுலபம், பைனாகுலரே போதும். கேட்டைதான் கடினம். அந்தாரெஸின் துணை இரண்டரை செகண்ட் சொச்சத்தில், தலைவனின் வெளிச்சத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் அடிவானத்தை ஒட்டிப் பார்க்கிறார்கள். நமக்கு அது வானில் பாதிக்கு மேல் உயர்கிறது என்றாலும் 80 மி.மீ.-க்கு அது எல்லைக்கு வெளியே என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வசிட்டரும் அருந்ததியும் தனியாகச் சொல்ல வேண்டியவர்கள். வெறுங்கண்ணுக்கு இரண்டாகத் தெரியும் ஜோடியில் வசிட்டரை மட்டும் 36 மடங்கில் பார்த்தால், 14 செகண்டில் இன்னொன்று ஒட்டி நிற்கும். அருந்ததியும் அதே பார்வைக்குள் இருக்கும். தன் மாணவர் காஸ்டெல்லி கேட்டுக்கொண்டதால் கலிலியோ 1617-இல் பார்த்துப் பதிந்த ஜோடி இது. எதிர்வீட்டு ஆச்சியை மேலே கூட்டிவந்து காட்டினேன். கல்யாணத்தன்று அய்யர் காட்டியபோது பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். "தம்பி, அருந்ததி ஒத்தையா நிக்கிறா. வசிட்டரு பக்கத்துல யாருப்பா அது?" என்று கேட்டார். 1889-இல் ஹார்வர்டில் பிக்கரிங் என்ற வானியலாளர் அந்த வசிட்டரிலும் பெரியதையே நிறமாலையில் இரண்டாகப் பிரித்தார் என்று சொன்னேன். இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தார்.

நான் மிகவும் நேசிக்கும் ஜோடி கன்னி ராசியின் போரிமா. இரண்டும் மூன்றரை ஒளித்தரம், அசல் சமம். 169 ஆண்டுகளில் ஒரு சுற்று. 2005-இல் இரண்டும் மிக நெருங்கி, அரை செகண்டுக்கும் கீழே போய்விட்டன. அன்று இந்தக் குழாயில் ஒற்றை நட்சத்திரமாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது மூன்று செகண்டைத் தாண்டி விலகியிருப்பதால் 90 மடங்கில் நடுவே கறுப்பு தெரியப் பிரிகிறது. ஒரு மனித ஆயுளுக்குள் கண்ணெதிரே நகரும் நட்சத்திரம் என்றால் இதுதான். ஏப்ரல் கடைசியில் இரவு பத்து மணிக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். காஸ்டர், சிம்மத்தின் அல்ஜீபா, போரிமா மூன்றையும் ஒரே இரவில் பார்த்தால் இந்தக் குழாயின் மதிப்பு தெரிந்துவிடும்.

லைரா விண்மீன் கூட்டத்தின் இரட்டை-இரட்டை இந்தக் குழாய்க்குச் சரியான பரீட்சை. எப்சிலான் லைரே வெறுங்கண்ணுக்கே, கூர்மையான பார்வை இருந்தால், இரண்டு. அந்த ஒவ்வொன்றும் இரண்டேகால் செகண்டு அளவில் மறுபடி இரண்டு. 90 மடங்கில் இடுப்பு சிறுத்த மாதிரி தெரியும். 150-இல், காற்று நின்ற இரவில், நான்கும் தனித்தனியே வரும். ஒரு ஜோடி வடக்கு தெற்காகவும் மற்றது கிட்டத்தட்ட அதற்குக் குறுக்காகவும் நிற்பதால், இரண்டும் பிரிந்ததா என்பதில் ஏமாற வழியில்லை.

நிறம் பார்க்க ஆல்பிரியோ. பொன் நிறம் ஒன்று, நீலம் ஒன்று, 34 செகண்டு. ஃபோகஸைக் கொஞ்சமே கொஞ்சம் கலைத்தால் நிறம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இனித் தெற்கு. இதை ஐரோப்பிய மதிப்புரைகளில் பார்க்க முடியாது. ஆல்ஃபா செண்டாரி காரைக்குடியில் தெற்கே சுமார் 19 பாகை உயரம் வரை ஏறுகிறது. ஜூன் முதல் வாரத்தில் இரவு பத்து மணிக்கு அந்த உயரத்தில் இருக்கும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் கூட்டம். ஒரு சுற்றுக்கு 80 ஆண்டுகள். 2016-ஐ ஒட்டிச் சுமார் 4 செகண்டுக்குச் சுருங்கிய இடைவெளி இப்போது அதைப்போல இரண்டு மடங்காகி, இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. 36 மடங்கிலேயே இரண்டு மஞ்சள் புள்ளிகள். இது இரட்டை என்று முதன்முதலில் கண்டு சொன்னவர் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார். 1689 டிசம்பரில், நம் புதுச்சேரியிலிருந்து, ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நட்சத்திரத்தை நான் வேறு மனதோடு பார்க்கிறேன். புதுச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்கள் இதை ஒருமுறையாவது பார்க்காமல் விடக்கூடாது. தென்சிலுவையின் ஏக்ரக்ஸும் அதே பக்கம், இன்னும் கொஞ்சம் தாழ்வாக. நான்கு செகண்டு, இரண்டும் நல்ல வெளிச்சம். தாழ்வான இடம் என்பதால் காற்றுக் கொந்தளிப்பில் இரண்டும் நடுங்கும். பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் இடையிடையே ஒரு கணம் தெளியும்.

சென்னைக்கும் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வைத்திருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 1855-இல் 70 ஆஃபியூகி என்ற இரட்டையின் ஓட்டத்தில் ஒரு கோணலைக் கண்டு, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதினார். பின்னாளில் அந்த முடிவு நிற்கவில்லை. ஆனால் வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் இருக்கலாம் என்று அளவீட்டைக் காட்டி வாதாடிய முதல் முயற்சிகளில் ஒன்று நம் ஊர் வானத்தில் நடந்தது. ஜோடி இன்றும் அதே இடத்தில்தான். ஆரஞ்சு நிறம், ஆறு செகண்டுக்கு மேல் இடைவெளி, இந்தக் குழாய்க்குச் சிரமமே இல்லை.

சரி, குறைகள். குழாயில் பெரிய குறை கிடையாது. கூட வரும் சாமான்களில்தான் எல்லாம். முதலாவது மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி. இந்தக் குழாயைப் பலரும் சின்ன ஈக்குவடோரியல் மவுண்டோடு சேர்த்து விற்கிறார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பத்து பாகையில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அவ்வளவு தாழ்வாக அச்சைச் சாய்த்தால் எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் இடிக்கிறது. சில மவுண்டில் அந்த அளவு சாய்வே கிடையாது. இதைச் செய்தவர்கள் நாற்பது, ஐம்பது பாகை அட்சரேகையில் இருப்பவர்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்தால் மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் சாதாரண மவுண்டையே கேட்டு வாங்குங்கள். மெதுவாக நகர்த்தும் திருகு இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். 150 மடங்கில் அது இல்லாமல் வேலைக்கு ஆகாது.

அலுமினிய ஸ்டாண்ட் மெலிசு. ஃபோகஸரைத் தொட்டால் நான்கைந்து நொடி ஆடும். கால்களை முழுக்க நீட்டாமல், நடுத் தட்டில் மணல் பையைத் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் அடங்குகிறது. அப்போது ஐபீஸ் தாழ்ந்துவிடும். போரிமா மாதிரி உச்சியில் நிற்பதைப் பார்க்கத் தரையில் பாய் விரித்து உட்கார வேண்டியிருக்கும். நீளக் குழாயின் அடிப்பக்கம் ஸ்டாண்ட் காலில் மோதுவதும் அந்த இடத்தில்தான். நட்சத்திரம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஐபீஸ்: கூட வரும் 25 மி.மீ. (36 மடங்கு) நன்றாகவே இருக்கிறது. 10 மி.மீ. (90 மடங்கு) சுமார். பெருக்கத்தைக் கூட்டும் பிளாஸ்டிக் பார்லோ லென்ஸை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். சேமிப்பில் முதலில் 6 மி.மீ. அகலப் பார்வை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 150 மடங்கு கிடைக்கும், 80 மி.மீ.-க்கு அதற்கு மேல் போய்ப் பயனில்லை. அடுத்த செலவு டயகனல், அதாவது ஒளியைத் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் முழங்கை. கூட வந்ததை மாற்றி நல்ல கண்ணாடி டயகனல் போட்டதும் ரீகலின் துணை, ஒன்பது செகண்டு தள்ளி நிற்கும் அந்த மங்கல் புள்ளி, எனக்குப் பளிச்சென்று வந்தது.

மாடித் தளமும் ஒரு கருவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மாடியின் தட்டோடு பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரை கக்கும். அந்தச் சூட்டில் நட்சத்திரம் கொதிக்கும். சாயங்காலமே நாலு வாளித் தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் அடங்கும். மார்ச் முதல் மே வரை பின்னிரவுகளில் எங்கள் பக்கம் காற்று நன்றாக நிற்கிறது. லைராவின் நால்வரும் பிரிவது அப்போதுதான்.

இதே பணத்துக்கு லென்ஸுக்குப் பதில் குழியாடி வைத்த 114 மி.மீ., 130 மி.மீ. டெலஸ்கோப்புகளும் வருகின்றன. அளவு பெரிது, நெபுலா பார்க்க நல்லது. ஆனால் குட்டைக் குழாய்க்குள் ஒரு லென்ஸை ஒளித்து ஆயிரம் மி.மீ. குவியத் தூரம் என்று போட்டு விற்கும் 114-ஐ இரட்டை நட்சத்திரத்துக்கு வாங்கவே வேண்டாம். புள்ளி புள்ளியாக நிற்காது. கையில் இன்னும் பணம் இருந்தால் லென்ஸும் ஆடியும் சேர்ந்த 102 மி.மீ. மக்சுடோவ் டெலஸ்கோப் நல்ல தேர்வு. டாஸ் கணக்கில் 1.14 செகண்டு, குழாயும் குட்டை. மூடிய குழாய் என்பதால் அறைச் சூடு ஆறப் பொழுது பிடிக்கும். 80/900-ஐ வெளியே வைத்த கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கலாம். கடை அடைத்துவிட்டு ஒன்பதரைக்கு மாடி ஏறும் எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. சிகாகோவில் பகலில் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்த பர்ன்ஹாம், 6 அங்குல ரிஃப்ராக்டரோடு தொடங்கி ஆயுளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய ஜோடிகளைக் கண்டார். வேலைக்குப் போகிறவர்களின் விளையாட்டு இது.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் லென்ஸைப் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக இருந்தால் அது ஃபங்கஸ். கோட்டிங்கைத் தின்றிருக்கும், விட்டுவிடுங்கள். விளிம்பில் ஸ்க்ரூ வாய் தேய்ந்திருந்தால் யாரோ லென்ஸைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கண்ணாடியும் பழையபடி மையத்தில் உட்கார்ந்ததா என்று நட்சத்திரச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள், மழைக்காலத்தில் அதை மாற்றிக்கொண்டே இருங்கள். லென்ஸைத் துணியால் துடைக்க வேண்டாம்; ஊது பம்பு போதும்.